ஒன்பது கெஜம் அரக்குத் துணி

துணிக்கடைக்காரன் வீட்டில் புதுத் துணி வாங்குவதில்லை என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். எங்கள் வீட்டில் அப்படித்தான் இருந்தது. தி.நகரில் அப்பாவுக்கு மூன்று மாடிக் கடை. ஆனால் அடையாறில் நானும் ஷண்முகப்ரியாவும் இருந்த ஃபிளாட்டில், கல்யாணமான ஐந்து வருடத்தில், அவள் வேலைக்கென்று ஒரு மீட்டர் துணி விலைக்கு வாங்கியதில்லை. அது அவள் போட்ட விதி. கையில் என்ன இருக்கிறதோ அதில்தான் தைக்க வேண்டும்.

இன்ஸ்பெக்டர் மேடம், நீங்கள் கொடுத்த டீ ஆறிவிட்டது, மன்னிக்க வேண்டும். எனக்கு இப்போதெல்லாம் எதைக் குடித்தாலும் ஒரே வாசனைதான் வருகிறது. டெய்லர் மெஹபூப் பாஷாவை நாளை மறுபடி விசாரணைக்கு வரச் சொல்லியிருக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். அவரைக் கைது செய்யப் போவதாகவும் சொல்கிறார்கள். அவர் வரத் தேவையில்லை. அதைச் சொல்லத்தான் வந்தேன். வரிசையாகச் சொல்கிறேன், எழுதிக்கொள்ள எளிதாக இருக்கும்.

என் மனைவி சரித்திர நாடகங்களுக்கு உடை தைப்பவள். நடிக்கவும் நடிப்பாள், ஆனால் தையல்தான் முதல். மயிலாப்பூரில் ஸ்ரீநாத் நடத்தும் குழுவில் எல்லோரும் அலுவலகம் போகிறவர்கள், ஞாயிற்றுக்கிழமை நடிகர்கள். உடைக்கென்று செலவழிக்க அவர்களால் முடியாது. ப்ரியா அதை ஒரு குறையாக நினைக்கவில்லை. எங்கள் ஹால் ஜன்னலின் பழைய திரை, நாயக்கர் அரண்மனைச் சேடிகளுக்குப் பாவாடை ஆனது. என் தாத்தாவின் ஜரிகை வேட்டி தளபதிக்கு இடைக்கச்சை. யோகா விரிப்பை வெட்டி, கறுப்புப் பெயின்ட் அடித்து, மார்புக் கவசம். காரின் முன்கண்ணாடியில் வெயிலுக்கு வைக்கும் வெள்ளி நிறத் தடுப்பு ஒரு நாள் காணாமல் போனது. அடுத்த வாரம் அது மேடையில் ஒரு தளவாயின் தோளில் மின்னியது. புதிதாகத் தெரியும் துணியை டீத்தூள் போட்டுக் கொதிக்கவைத்த நீரில் ஊறப்போடுவாள். ஒரு ராத்திரியில் நானூறு வருடம் பழசாகிவிடும் என்பாள்.

நான் டெக்ஸ்டைல் டெக்னாலஜி படித்தவன். கடையின் கிடங்கு என் பொறுப்பு. விற்காமல் தேங்கிய சரக்கு அவளுக்கு வரும். அதுவும் கையில் இருக்கும் துணிதான் என்று அவள் விதிக்கு ஒரு உபவிதி சேர்த்திருந்தாள். "தேங்குனதெல்லாம் உன் பொண்டாட்டிக்குன்னே நெய்யுதானுவ போல" என்பார் அப்பா. அவர் திசையன்விளைக்காரர். பாராட்டு அப்படித்தான் வரும்.

கொரோனா இரண்டாம் அலையில் எங்கள் இருவருக்கும் வந்தது. எனக்குப் பத்து நாளில் வாசனை திரும்பிவிட்டது. அவளுக்குத் திரும்பவே இல்லை. ரசம் தீய்ந்தாலும் தெரியாது, கேஸ் கசிந்தாலும் தெரியாது. நான் கடையிலிருந்து ஒரு நாளைக்கு நாலு தடவை போன் செய்வேன். "உயிரோடதான்டா இருக்கேன், போனை வை" என்பாள்.

துணி வேலையில் மூக்கு வேண்டும். எந்தத் துணி என்ன நூல் என்று தெரிய, ஓரத்தில் ஒரு இழை உருவிக் கொளுத்திப் பார்ப்போம். பருத்தி காகிதம் மாதிரி எரிந்து சாம்பலாகும். பட்டு, முடி பொசுங்கும் வாசனையோடு தயங்கித் தயங்கி எரியும். தீயை எடுத்தால் தானே அணையும். நுனியில் கறுப்பாக ஒரு மணி நிற்கும், விரலால் நசுக்கினால் பொடியாகிவிடும். பாலியஸ்டர் தீயைக் கண்டதும் சுருங்கி உருகும். ஒரு இனிப்பு வாசனை வரும். நுனியில் நிற்கும் மணி கல் மாதிரி இருக்கும், நசுங்காது. எங்கள் வீட்டில் வாசனை பார்ப்பது நான். நசுக்கிப் பார்ப்பது அவள். பால்கனியில் இதற்கென்று ஒரு இடுக்கியும் தீப்பெட்டியும் வைத்திருந்தோம்.

"மூக்கு நீ, விரல் நான்" என்பாள்.

போன மாசியில் அவளுக்கு ஹைதராபாத்தில் வேலை கிடைத்தது. ஒரு பெரிய சரித்திரத் தொடரின் உடைப் பிரிவில். இரண்டு வருட ஒப்பந்தம். அவள் தைத்த சேடிப் பாவாடைகளை யாரோ படம்பிடித்து அனுப்பியிருக்கிறார்கள். திரைச்சீலையில் இதைச் செய்தவள் நிஜத் துணியில் என்ன செய்வாள் என்று கேட்டார்களாம். சாப்பிடும்போது சொன்னாள்.

"சரி" என்றேன்.

"சரின்னா?"

"நல்ல விஷயம்தானே."

"ராகவ், ஏதாவது சொல்லேன்."

"அதான் சொன்னேனே."

என் பெயர் விஜயராகவன். ராகவ் என்று கூப்பிட்டது அவள் ஒருத்திதான்.

எனக்கு ஒரே ஒரு பயம் உண்டு. பூட்டிய வீட்டைத் திறந்து உள்ளே போவது. அப்பா அம்மா இருவரும் கடையில் இருப்பார்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்து கதவைத் திறந்து, யாரும் இல்லை என்று தெரிந்தே வாசலில் நின்று "அம்மா" என்று கூப்பிடுவேன். பதில் வந்துவிடுமோ என்றும் பயம், வராதே என்றும் பயம். பல நாள் அம்மா வரும்வரை படிக்கட்டிலேயே உட்கார்ந்திருக்கிறேன். கல்யாணத்துக்குப் பிறகு அது போய்விட்டது. லிஃப்டை விட்டு வெளியே வந்ததும் தையல் மெஷின் ஓடும் சத்தம் கேட்கும். இனி இரண்டு வருடம் நானே சாவி போட்டுத் திறக்க வேண்டும்.

இதை அவளிடம் சொல்லியிருக்கலாம். முப்பத்தொரு வயதில் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. அவளும் ஒரு தடவை பயந்து பார்த்தால் வீட்டைவிட்டுப் போகத் தோன்றாது என்று நினைத்தேன். நான் நினைத்தது அவ்வளவுதான். அவள் எதற்கும் பயப்படாதவள், மேடம். அதுதான் சிரமமாக இருந்தது.

அந்தச் சமயத்தில் ஸ்ரீநாத் ஒரு புது நாடகம் எழுதியிருந்தார். நாயக்கர் காலத்து ராணி ஒருத்தி. எதிரிப் படை கோட்டை வாசலுக்கு வந்துவிட்டது. கடைசிக் காட்சியில் அவள் இருபத்தொரு விளக்குகளுக்கு நடுவே நடந்து, ஒவ்வொன்றாகத் தன் கையால் அணைக்கிறாள். ப்ரியாதான் ராணி.

பேட்டரி விளக்கு வைக்கலாமே என்று ஒருவர் கேட்டார். "அதையெல்லாம் கொலுவுக்கு வெச்சுக்கோங்கோ. எங்காத்துலேர்ந்தே பன்னெண்டு குத்துவிளக்கு கொண்டு வரேன். நெஜச் சுடர் பட்டாத்தான் ராணி மொகம் தெரியும்" என்றார் ஸ்ரீநாத். அரங்க நிர்வாகமும் எழுதிக் கேட்டதும் அனுமதி கொடுத்துவிட்டது.

துணி வெட்டுவதற்கு உதவியாக வந்தவர் மெஹபூப் பாஷா. கோடம்பாக்கத்தில் முப்பது வருடம் சினிமாவுக்குத் தைத்தவர். விளக்கு என்றதும் டேப்பைக் கழுத்திலிருந்து எடுத்துக் கீழே வைத்தார்.

"இன்னா துணிம்மா ராணிக்கு? மொதல்ல அத்த சொல்லு. ஷூட்டிங்ல ஒருவாட்டி நைலான் கட்டிக்கினு ஒரு பொண்ணு சூடத் தட்டு எடுத்துச்சு. அப்பால இன்னா ஆச்சுன்னு கேக்காத. பட்டுன்னா சுருண்டு அணைஞ்சிடும். நைலானு, பாலிஸ்டரு எல்லாம் உருகி ஒடம்புல ஒட்டிக்கும். உரிக்கக்கூட முடியாது."

"பட்டு இல்லேன்னா நான் மேடை ஏறவே மாட்டேன் பாய், போதுமா?" என்றாள் ப்ரியா.

நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். இதையும் எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு இது கல்லூரியிலேயே தெரியும். அவர் சொன்னபோதும் அங்கேயே இருந்தேன்.

மறுநாள் கிடங்கிலிருந்து ஒரு துணி எடுத்தேன். அரக்கு நிறம், ஒன்பது கெஜம், கையகலப் பொன் கரை. பார்வைக்குக் காஞ்சிபுரம் மாதிரியே இருக்கும். ஒரு இழைகூடப் பட்டு கிடையாது. முழுக்கப் பாலியஸ்டர் என்று சீட்டு ஒட்டியிருந்தது. சீட்டைக் கிழித்துப் பையில் போட்டுக்கொண்டேன்.

அவள் அதைத் தரையில் விரித்துப் போட்டு முழங்காலிட்டுப் பார்த்தாள். கரையைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்து, "கொளுத்து" என்றாள்.

அதற்கும் தயாராகத்தான் இருந்தேன். அம்மாவின் கூறைப்புடவை அதே அரக்கு. முந்தின நாள் அம்மா வீட்டுக்குப் போய், பீரோவைத் திறந்து, அதன் ஓரத்திலிருந்து இழை உருவி வந்திருந்தேன். சட்டைப் பையில் இருந்தது. துணியின் ஓரத்தைப் பால்கனி வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், அவளுக்கு முதுகு காட்டி நின்று உருவுவதுபோல உருவினேன். இடுக்கியில் பிடித்தது அம்மாவின் இழையை.

தீக்குச்சி இரண்டு தடவை அணைந்தது. காற்று என்றேன். மூன்றாவதில் பற்றியது.

"என்ன வாசனை?"

"முடி."

அவள் மணியை நசுக்கினாள். பொடிந்தது. விரலைப் பார்த்தாள். "இன்னொண்ணு கொளுத்து" என்றாள்.

ஏன் என்று கேட்டேன்.

"நெருப்பு கிட்ட நடக்கப் போறேன்ல. ரெண்டு தடவை பாத்தா என்ன?"

நான் மூன்று இழை கொண்டுவந்திருந்தேன். இரண்டாவதும் பொடிந்தது. அவள் அந்தக் கரியை என் மூக்கு நுனியில் தடவிவிட்டு, "சமத்து மூக்கு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். மூன்றாவது இழை கொஞ்ச நாள் என் பர்ஸில் இருந்தது.

உடையை ஒரே துண்டாக வைத்துத் தைத்தார்கள். ரவிக்கை, கொசுவம், முந்தானை எல்லாம் ஒன்றோடொன்று சேர்த்து. இடைவேளையில் சட்டென்று மாற்ற வேண்டும் என்பதால் முதுகுப் பக்கம் கழுத்திலிருந்து இடுப்புக்குக் கீழ்வரை திறப்பு. மெஹபூப் பாஷா துணியைத் தன் வீட்டுக்கு எடுத்துப்போய்த் தைத்து, திறப்பில் பதினாலு ஹூக் வைத்துக் கொண்டுவந்தார்.

"பதினாலா? எனக்கு முதுகு இருக்கா, மவுன்ட் ரோடு இருக்கா பாய்?" என்று ப்ரியா சிரித்தாள்.

"சினிமா ஹூக்கும்மா. மேல ரெண்டு பக்கமும் புடிச்சு ஒரே இழு. பத்து செகண்டுல துணி ஒரு பக்கம், நீ ஒரு பக்கம்."

அவளை நிறுத்திவைத்து இழுத்தும் காட்டினார். சரசரவென்று பதினாலும் கழன்றன. பத்து வினாடிகூட ஆகவில்லை.

நாடகம் ஒரு ஞாயிறு மாலை ஆறரைக்கு. அடுத்த வியாழக்கிழமை அவளுக்கு ஹைதராபாத் ரயில். மேடையின் பக்கவாட்டில் இரண்டு வாளித் தண்ணீர் கொண்டுபோய் வைத்தது நான். யாரும் சொல்லவில்லை, நானாக வைத்தேன். ஆபத்து வரக்கூடாது என்று நினைத்தவன்தான் அப்படிச் செய்வான்.

இடைவேளை பத்து நிமிடம். அரக்கு உடையை எடுத்து மாட்டிக்கொண்டு, முதுகை மெஹபூப் பாஷா பக்கம் திருப்பினாள். அவர் கை நின்றுவிட்டது. முதுகுப் பட்டியில் ஒரு ஹூக்கூட இல்லை.

"யம்மா, பதினாலு வெச்சேம்மா. எங்கம்மா சத்தியமா வெச்சேன்."

"பாய், சத்தியம் எல்லாம் அப்புறம். ஊசி எங்க?"

அவருக்கு அவசரத்தில் கண்ணாடி கிடைக்கவில்லை. நான் தைக்கிறேன் என்றேன். இரட்டை நூல் கோத்து, கழுத்திலிருந்து கீழே தைத்துக்கொண்டு வந்தேன். நெருக்கமான தையல். எனக்குத் தையல் நன்றாக வரும். அவள் முதுகில் வியர்த்திருந்தது. ஊசி ஒரு இடத்தில் தோலில் பட்டது. அவள் அசையவில்லை.

"மூச்சு விடலாமா டெய்லர் சார்?"

"விடு."

"ஹைதராபாத்ல எனக்கு யார்டா இப்படித் தச்சு விடுவாங்க?"

நான் அடுத்த தையலைப் போட்டேன்.

"நீயும் வாயேன் ராகவ். கிடங்கை மாமா பாத்துக்கட்டும். அங்க அவங்களுக்குத் துணி தெரிஞ்ச ஆள் வேணுமாம். உன்னைப் பத்திச் சொல்லி வெச்சிருக்கேன். நீ 'சரி'ன்னு மட்டும் சொல்லிட்டு உக்காந்துட்டியா, அதான் கேக்கவே பயமா இருந்துச்சு."

அவள் பயம் என்று சொல்லிக் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

அப்போது கடைசித் தையலில் இருந்தேன். கத்தரிக்கோல் மேஜைமேல் இருந்தது, எட்டும் தூரம். நூலை அறுத்துத் துணியைக் கழற்றி, வேறு எதையாவது சுற்றி அனுப்பியிருக்கலாம். அவள் காரணம் கேட்டிருப்பாள். என்ன சொல்வது என்று நினைக்கும்போதே எனக்குப் பயம் வந்துவிட்டது. இடைவேளை முடிந்து மூன்றாவது மணி அடித்தது. முடிச்சுப் போட்டு, நூலைப் பல்லால் கடித்தேன்.

"சரி, வரேன்" என்றேன். அவள் திரும்பிப் பார்த்துச் சிரித்துவிட்டு மேடைக்குப் போனாள்.

எட்டு விளக்கு அணைத்தாள். ஒன்பதாவதற்குக் குனிந்தபோது முந்தானை பத்தாவதின் மேல் விழுந்தது. முதலில் யாருக்கும் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது. அந்த இனிப்பு வாசனை மேடைப் பக்கவாட்டுக்கு வந்துவிட்டது. அவளுக்கு மட்டும் அது வராது என்று நினைத்துக்கொண்டேன். உடனே வாளியைத் தூக்கினேன் என்று போன முறை உங்களிடம் சொன்னேன். உடனே இல்லை. அவள் முகத்தைப் பார்க்க வேண்டியிருந்தது. அதில் பயம் வருகிறதா என்று பார்க்க வேண்டியிருந்தது.

வந்தது. அதற்குப் பிறகுதான் தூக்கினேன்.

மெஹபூப் பாஷா எனக்கு முன்னால் ஓடினார். பழக்கத்தில் கழுத்தின் இரண்டு பக்கமும் பிடித்து இழுத்தார். தையல் விடவில்லை. இழுத்துக்கொண்டே இருந்தார். அவருடைய இரண்டு கையும் வெந்துபோனது அப்போதுதான்.

ஆஸ்பத்திரியில் அவள் ஆறு நாள் உயிரோடு இருந்தாள். மாஜிஸ்திரேட் வந்து வாக்குமூலம் எழுதிக்கொண்டார். துணி பட்டுதான், நானே இரண்டு தடவை நசுக்கிப் பார்த்தேன் என்று அதில் சொல்லியிருக்கிறாள். ஹூக்கைப் பற்றி அவளிடம் யாரும் கேட்கவில்லை. உங்கள் ஆய்வில் பாலியஸ்டர் என்று வந்துவிட்டது. நடுவில் துணி இருந்தது டெய்லர் வீட்டில். பட்டை எடுத்துக்கொண்டு மலிவான துணியை மாற்றிவிட்டான், ஹூக்கும் வைக்காமல் வைத்ததாகப் பொய் சொல்கிறான் என்று நீங்கள் நினைத்ததில் தப்பில்லை. அவளுடைய வாக்குமூலம் அவரைத்தான் காட்டுகிறது. அவள் பொய் சொல்லவில்லை.

ஐந்தாம் நாள் என்னிடம் கேட்டாள். "நான் சரியாதானே நசுக்கினேன்?"

"சரியாதான் நசுக்கின" என்றேன். அது உண்மைதான்.

போன வெள்ளிக்கிழமை மெஹபூப் பாஷா என் வீட்டுக்கு வந்தார். இரண்டு கையிலும் கட்டு. காலிங் பெல்லை முழங்கையால் அழுத்தினார். எனக்கு ஆறுதல் சொல்ல வந்ததாகத்தான் சொன்னார். தண்ணீர் கொடுத்தேன், டம்ளரைப் பிடிக்க முடியவில்லை. நான்தான் வாயில் ஊற்றினேன். குடித்துவிட்டுக் கேட்டார்.

"சார், அந்தப் பதினாலு ஹூக்கு. நான் இழுத்துக் காட்டசொல்லோ நீங்களும் இருந்தீங்கல்ல? அத்த மட்டும் அந்த இன்ஸ்பெக்டரம்மாகிட்ட சொல்லுங்க சார். ஒண்ணு போவும், ரெண்டு போவும். பதினாலுமா சார் போவும்?"

எனக்கு ஞாபகம் இல்லை என்றேன். அவர் என்னை ரொம்ப நேரம் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபமில்லை. கும்பிடுவதுபோலக் கட்டுப்போட்ட கைகளைக் கொஞ்சம் தூக்கிவிட்டுப் போனார். அதிலிருந்து வீட்டில் உட்கார முடியவில்லை. லிஃப்ட் நின்றால் அவரோ என்று இருக்கிறது. வெளியே போய்விட்டு வந்தால் சாவியைப் போட முடியவில்லை. வாசலில் நிற்கும்போது உள்ளே மெஷின் ஓடும் சத்தம் கேட்கிறது. திறந்தால் நின்றுவிடுகிறது. நேற்றுப் படிக்கட்டிலேயே உட்கார்ந்திருந்தேன். விடிந்ததும் இங்கே வந்துவிட்டேன்.

நான் அவளைக் கொல்ல நினைக்கவில்லை. கொஞ்சம் பயமுறுத்த நினைத்தேன். ஒரு பயம் மனசில் தங்கக் கொஞ்ச நேரம் வேண்டும். பத்து வினாடியில் கழற்றி எறிந்திருந்தால் அவள் அதையே ஹைதராபாத்தில் போய் எல்லோருக்கும் கதையாகச் சொல்லிச் சிரித்திருப்பாள். அவளை எனக்குத் தெரியும்.

இந்த மாத்திரை டப்பாவைப் பிரித்துப் பாருங்கள், மேடம். பதினாலும் இருக்கும். ஒன்றுகூட வளைந்திருக்காது. நாடகத்துக்கு முந்தின நாள் மத்தியானம், ஊசி முனையால் ஒவ்வொரு இழையாகப் பிரித்து எடுத்தேன். துணியில் ஒரு கீறல் விழவில்லை. துணி வீணாவது ப்ரியாவுக்குப் பிடிக்காது.